மாரிகாலப் பூஞ்சண ஒவ்வாமை: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐப்பசியில் காற்றுத் திசை மாறி, கார்த்திகையும் மார்கழியும் அடைமழையில் கழியும் திருகோணமலையில், கச்சான் காற்றுக் காலம் முழுவதும் சுகமாக இருந்தவர்களுக்கும் தும்மலும் மூக்கடைப்பும் இரவு முட்டும், அதாவது மூச்சிழுப்பும், வந்து சேருகின்றன. அப்போது பலரும் முதலில் பார்மசிக்குப் போகிறார்கள். வீட்டுச் சுவரைப் பார்ப்பது பிறகுதான், சில வீடுகளில் அதுவும் இல்லை. கீழுள்ள விடைகள் பெரும்பாலும் அந்த வரிசையை மாற்றிக்கொள்ளும்படி கேட்பவை.

பூஞ்சணம் எப்படி ஒவ்வாமையை உண்டாக்குகிறது?

பூஞ்சணம் கண்ணுக்குத் தெரியாத வித்திகளைக் காற்றில் விட்டுப் பெருகும் உயிரி. அஸ்பர்ஜில்லஸ், பெனிசிலியம் போன்ற வீட்டுப் பூஞ்சணங்களின் வித்திகள் பெரும்பாலும் 2 முதல் 5 மைக்ரோன் அளவே உள்ளவை என்பதால், அவை மூக்கில் தங்குவதோடு நில்லாமல் மூச்சுக் குழாய்கள் வரை இறங்கக்கூடியவை. நாம் எல்லோருமே இவற்றை நாள்தோறும் சுவாசிக்கிறோம். ஒவ்வாமை உள்ளவரின் உடல் மட்டும் அவற்றைப் பகையாகக் கருதி இம்யூனோகுளோபுலின் ஈ என்ற எதிர்ப்பொருளை உருவாக்கி வைத்திருக்கிறது. மறுமுறை வித்தி உள்ளே போகும்போது ஹிஸ்டமின் முதலிய பொருட்கள் வெளிப்பட்டு, மூக்கில் நீர் வடிதல், கண் அரிப்பு, தொடர் தும்மல், தொண்டைக் கரகரப்பு, ஆஸ்துமா உள்ளவர்களுக்கு முட்டு ஆகியவை தொடங்குகின்றன. ஒரே வீட்டில், ஒரே அறையில் படுத்தெழும்பும் இருவரில் ஒருவர் மட்டும் தும்முவதற்குக் காரணம் இதுவே. மற்றவர் அதைச் சாட்டு என்று நினைப்பது நியாயமில்லை.

திருகோணமலையில் இது ஏன் மாரியில் மட்டும் இவ்வளவு கடுமையாகிறது?

நமது மாவட்டம் உலர் வலயத்தைச் சேர்ந்தது. ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான சில மாதங்களிலேயே கொட்டித் தீர்ந்துவிடுகிறது. ஆகவே கோடை முழுதும் காய்ந்து வெடித்த சுவரும், விலகிய ஓடும், சருகு அடைத்த பீலியும் ஒரே வாரத்தில் பரீட்சைக்கு உட்படுகின்றன. கடலோரத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. உப்புக் காற்றுப் படிந்த சுவரும், சரியாகக் கழுவாத கடல் மணலால் பூசிய சுவரும் காற்றிலுள்ள ஈரத்தைத் தாமாகவே இழுத்து வைத்திருக்கும். உப்புவெளியிலும் நிலாவெளியிலும் மழை விட்டு நாலு நாளான பின்பும் சுவரைத் தொட்டால் குளிர்ந்து பிசுபிசுப்பது இதனால்தான். நனைந்த பொருளொன்றில் பூஞ்சணம் வளரத் தொடங்க 24 முதல் 48 மணித்தியாலம் போதும்.

இது தடிமனா, ஒவ்வாமையா, அல்லது டெங்குவா?

மாரிகாலத்தில் மூன்றும் ஒன்றாகவே ஊரில் உலவுவதால், இந்தக் கேள்வியை அவசரமாகக் கடந்து போகக்கூடாது. ஒவ்வாமையில் காய்ச்சல் வராது. மூக்கிலிருந்து வடிவது தெளிந்த நீராக இருக்கும். கண்ணும் மூக்கும் அண்ணமும் அரிக்கும். குறிப்பிட்ட அறையில் அல்லது விடிகாலையில் கூடி, வெளியே போனதும் தணிவது இதன் குணம். தடிமன் பெரும்பாலும் ஏழு முதல் பத்து நாளில் தானாக மாறிவிடும். மூன்று வாரமாகத் தொடரும் தடிமன் என்று ஒருவர் சொன்னால் ஒவ்வாமையை நினைப்பது பொருத்தம்.

காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி, உடல் உளைவு, வாந்தி ஆகியவை இருந்தால் அது ஒவ்வாமை அல்ல. டெங்கு என்ற ஐயம் இருக்கையில் பரசிற்றமோல் தவிர அஸ்பிரின், இபுபுரோபன் போன்ற வலிமருந்துகளை எடுக்கக்கூடாது. வெள்ள நீரிலும் வயல் சேற்றிலும் நின்றவர்களுக்கு எலிக்காய்ச்சலும் வரலாம் என்பதால், அவர்கள் காய்ச்சலோடு வீட்டில் காத்திருக்காமல் வைத்தியரிடம் போக வேண்டும்.

மழை பெய்யும்போது சுகமாகவும், ஓய்ந்த பிறகு மோசமாகவும் இருப்பது ஏன்?

மழைத்துளி காற்றிலுள்ள தூசியையும் வித்திகளையும் கழுவி இறக்குவதால் சற்று ஆறுதல் கிடைக்கும். ஆனால் சில பூஞ்சணங்கள் ஈரத்தால் தூண்டப்பட்டு, மழை ஓய்ந்ததும் வித்திகளை விசிறியடிக்கின்றன. ஆல்டர்னேரியா, கிளாடோஸ்போரியம் போன்றவை இதற்கு மாறாக, வெயில் வந்து காற்றடிக்கும் நேரத்தில் காய்ந்த இலையிலிருந்தும் சருகிலிருந்தும் கிளம்புகின்றன. ஆகவே நாலு நாள் அடைமழைக்குப் பின் வெயில் எறிக்கிறது என்று முற்றத்துச் சருகைக் கூட்டக் கிளம்புவது, ஒவ்வாமை உள்ளவருக்கு உகந்த வேலை அல்ல. அதை வீட்டில் வேறொருவர் செய்யட்டும். பருவம் மாறும் ஒக்டோபர் மாலைகளில் வரும் இடிமுழக்கத்தின்போதும் சிலருக்கு ஆஸ்துமா திடீரெனக் கூடும். அவ்வேளையில் உள்ளே இருந்து யன்னலை மூடிக்கொள்வது நல்லது.

சுவரில் வெள்ளையாகப் பூத்திருப்பது பூஞ்சணமா, உப்பா?

கடலோர வீடுகளில் பாதிக் குழப்பம் இதில்தான். ஒரு துளி நீரை அதன்மேல் விடுங்கள். கரைந்து மறைந்தால் அது சுவரிலிருந்து வெளிவந்த உப்பு. பூஞ்சணம் கரையாது, விரலால் தேய்த்தால் பசைபோல் இழுபட்டுக் கறையாகும், மண்வாடையும் அடிக்கும். உப்பு தும்மலை உண்டாக்குவதில்லை. ஆனால் உப்புப் பூக்கும் சுவர் ஈரமான சுவர் என்பதால், இன்று உப்பு இருக்கும் இடத்தில் நாளை பூஞ்சணம் இருக்கும்.

கறுப்புப் பூஞ்சணம்தான் ஆபத்தானது என்கிறார்களே?

நிறத்தைக் கொண்டு எதையும் தீர்மானிக்க முடியாது. கறுப்பாக வளரும் பூஞ்சணங்கள் பல. அவற்றுள் பெரும்பாலானவை சாதாரணமானவை. பச்சை, சாம்பல், வெள்ளை நிறங்களில் உள்ளவையும் ஒவ்வாமையைத் தரும். எந்த நிறமானாலும் அகற்ற வேண்டியதுதான்.

வீட்டில் எங்கெங்கே தேட வேண்டும்?

முதலில் வடக்கையும் கிழக்கையும் பார்த்த சுவர்களின் உட்புறத்தைப் பாருங்கள். வாடைக் காற்று மழையைச் சாய்த்து அறைவது அந்தப் பக்கத்திலேதான். அந்தச் சுவரோடு ஒட்டி நிற்கும் அலுமாரியை ஒரு முழம் முன்னுக்கு இழுத்துப் பார்த்தால், பின்பலகை முழுதும் சாம்பல் நிறப் பொட்டுகள் படர்ந்திருப்பதையும், உள்ளே கடைசித் தட்டில் மடித்து வைத்த பட்டுச் சேலையின் மடிப்போரத்தில் அதே பொட்டுகள் இறங்கியிருப்பதையும் காணலாம். அலுமாரிக்கும் சுவருக்கும் இடையே எப்போதும் ஒரு சாண் இடைவெளி விடுவது செலவில்லாத வைத்தியம்.

அடுத்தது மெத்தையின் அடிப்பக்கம், குறிப்பாகத் தரையிலேயே மெத்தையைப் போட்டுப் படுக்கும் அறைகளில். பிறகு தலையணை, குளியலறைக் கதவின் கீழ்விளிம்பு, சீலிங் பலகை, குளிரூட்டியின் வடிகட்டி, குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் நீர் சேரும் தட்டு, சாமியறையில் அடுக்கிய பழைய புத்தகங்கள், பிள்ளையின் பாடசாலைப் பை. பலருக்கும் தோன்றாத இடம் ஒன்று உண்டு. மழையில் நனைந்த தலைக்கவசத்தை மோட்டார் சைக்கிள் பெட்டியிலேயே பூட்டி வைத்துவிட்டு, மறுநாள் காலையில் அதை மூக்குக்கும் வாய்க்கும் மேலாக இழுத்து அணிந்துகொண்டு வேலைக்குப் போகிறோம். அதன் உட்பஞ்சைக் கழற்றித் துவைத்து, காற்றாடியின் கீழ் காய வைத்தாலே காலைத் தும்மல் குறைந்தவர்கள் உண்டு.

கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் மூக்கு கண்டுபிடிக்கும். இரண்டு நாள் பூட்டியிருந்த அறையைத் திறந்ததும் புழுங்கிய மண்வாடை வந்தால், எங்கோ இருக்கிறது என்றே பொருள்.

எப்படிச் சுத்தம் செய்ய வேண்டும்?

ஒரு சதுர மீற்றருக்குள் அடங்கும் பூஞ்சணத்தை வீட்டிலேயே நீக்கலாம். ஒவ்வாமையோ ஆஸ்துமாவோ உள்ளவர் அந்த வேலையைச் செய்யக்கூடாது. வேலை நடக்கும்போது வீட்டினுள் இருக்கவும் கூடாது. செய்பவர் என்95 வகை முகக்கவசமும் கையுறையும் அணிய வேண்டும். முகத்தைத் துணியால் கட்டிக்கொள்வது வித்தியைத் தடுக்காது.

காய்ந்த தும்புத்தடியால் தட்டுவதும், உலர்ந்த துணியால் துடைப்பதும் நாம் வழக்கமாகச் செய்யும் பிழைகள். அவற்றால் ஒரு மூலையிலிருந்த வித்தி வீடு முழுவதும் பரவுகிறது. முதலில் நீர் தெளித்து நனைத்து, சவர்க்கார நீரில் தோய்த்த தூரிகையால் தேய்த்து, அழுக்குநீரைத் துணியால் ஒற்றியெடுத்து, அன்றே காற்றாடி போட்டு முற்றாக உலர்த்த வேண்டும். மாபிள், கண்ணாடி போன்ற உறிஞ்சாத பரப்பில் சவர்க்காரத்திற்குப் பிறகு பிளீச் திரவம் பாவிக்கலாம்; 4 லீற்றர் நீருக்கு ஒரு கோப்பை, அதாவது 240 மில்லிலீற்றருக்கு மேல் சேர்க்க வேண்டாம். பிளீச்சோடு வினாகிரியையோ அமோனியா கலந்த திரவங்களையோ ஒருபோதும் கலக்கக்கூடாது. மூச்சைத் திணறடிக்கும் நச்சு வாயு உண்டாகும். இன்னொன்று, செத்த பூஞ்சணமும் ஒவ்வாமையைத் தரும். ஆகையால் மருந்து தெளித்துக் கொன்றுவிட்டோம் என்று விட்டுவிடாமல், தேய்த்து அகற்றியே ஆக வேண்டும்.

ஊறிப்போன சீலிங் பலகை, பஞ்சு மெத்தை, தும்புத் தலையணை ஆகியவற்றின் உள்ளே இறங்கிய பூஞ்சணத்தை எந்தத் திரவமும் வெளியே எடுக்காது. மனம் வராவிட்டாலும் அவற்றை வெளியேற்றுவதுதான் வழி.

மேலே பெயின்ட் அடித்துவிட்டால் போதாதா?

போதாது. ஈரச் சுவரின்மேல் பூசிய இமல்ஷன் பெயின்ட் நீரை உள்ளே அடைத்து வைக்க, தை பிறக்குமுன் அது கொப்பளித்து உரிந்துவிடும். அடியில் பூஞ்சணம் அப்படியே இருக்கும். நகரின் பழைய வீடுகளில் ஆண்டுக்கொரு முறை சுண்ணாம்பு அடித்த வழக்கத்தை நான் சிக்கனம் என்று மட்டும் பார்ப்பதில்லை. சுண்ணாம்பின் கடுமையான காரத்தன்மையில் பூஞ்சணம் வளர்வது கடினம், சுவரின் ஈரமும் அதனூடாக வெளியேறும். பூசிச் சில ஆண்டுகளில் அந்தக் காரம் குறைந்துவிடுவதால்தான் திரும்பத் திரும்ப அடித்தார்கள். அலங்காரம் வேண்டாத பின்னறைக்கும் களஞ்சிய அறைக்கும் இன்றும் அதுவே ஏற்றது. எதை அடித்தாலும், ஒழுக்கை அடைத்துச் சுவர் காய்ந்த பிறகே அடிக்க வேண்டும்.

அஸ்பெஸ்டஸ் கூரைத் தகட்டில் பிடித்த பாசியையும் பூஞ்சணத்தையும் சுரண்டலாமா?

கூடாது. சுரண்டினாலும் உயர் அழுத்த நீரைப் பாய்ச்சினாலும் அஸ்பெஸ்டஸ் இழைகள் வெளிப்படும். அவை நுரையீரலுக்குச் செய்யும் தீங்கு பூஞ்சணத்தைவிடப் பெரியது. வெடிப்பும் ஒழுக்கும் இருந்தால் தகட்டை நனைத்து, உடைக்காமல் முழுதாகக் கழற்றி மாற்றும் அனுபவசாலியிடம் விடுங்கள்.

மாரியில் யன்னலைத் திறப்பதா, மூடுவதா? துணியை எங்கே காயப்போடுவது?

வீட்டினுள் ஈரப்பதம் 60 வீதத்திற்குக் கீழ் இருக்க வேண்டும் என்பது பொது விதி. மார்கழியில் வெளியேயே 80 வீதத்தைத் தாண்டும் ஊரில், குளிரூட்டியோ ஈரமுறிஞ்சும் இயந்திரமோ இல்லாமல் அந்த அளவை எட்டுவது கடினம் என்பதை ஒப்புக்கொண்டுதான் பேச வேண்டும். நம்மால் முடிவது பரப்புகளை நனையாமல் வைப்பதும், நனைந்தால் விரைவாக உலர்த்துவதும். காற்றடித்து மழை சாயும்போது வடகிழக்கு யன்னல்களை மூடி, எதிர்ப்பக்கத்து யன்னல்களைச் சற்றுத் திறந்து வையுங்கள். மழை விட்டு வெயில் தலைகாட்டும் நண்பகலில் எல்லாவற்றையும் திறந்து, அலுமாரிக் கதவுகளையும் அகல விரித்து, காற்றாடியைச் சுழல விடுங்கள்.

ஈரத் துணியைப் படுக்கையறையில் கொடி கட்டிக் காயப்போடும் வழக்கத்தைத்தான் முதலில் விட வேண்டும். ஒரு வாளித் துணியிலிருந்து போகும் நீர் முழுவதும் அந்த அறையின் காற்றிலும் சுவரிலும் மெத்தையிலுமே சேருகிறது. கூரையுள்ள விறாந்தையே இதற்கு உரிய இடம். அது இல்லாதவர்கள், ஒரே அறையை ஒதுக்கி, அதன் கதவை மூடி, வெளிப்பக்க யன்னலைத் திறந்து, காற்றாடி போட்டு உலர்த்தலாம். குசினியில் உலை மூடியோடு கொதிக்கட்டும், யன்னல் திறந்திருக்கட்டும்.

சாம்பிராணி, கற்பூரம், பூச்சி உருண்டை, நுளம்புச் சுருள் ஆகியவை உதவுமா?

இவை வாடையை மறைக்கும், பூஞ்சணத்தை அகற்றாது. சாம்பிராணிப் புகையும் நுளம்புச் சுருள் புகையும் ஏற்கெனவே வீங்கியிருக்கும் மூச்சுக் குழாயை மேலும் எரிச்சலூட்டும். டெங்குக் காலத்தில் நுளம்பை விரட்டத்தான் வேண்டும் என்பதால், முட்டு உள்ளவர் படுக்கும் அறையில் சுருளுக்குப் பதிலாக வலை கட்டுங்கள். நப்தலீன் உருண்டை போட்டு வைத்த துணிகளைக் கைக்குழந்தைக்கு உடுத்துவதையும் போர்த்துவதையும் தவிர்க்க வேண்டும். ஜி6பிடி நொதியக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு அது செங்குருதிக் கலங்களை அழிக்கக்கூடியது.

எந்த மருந்துகள் பயன்படும்?

தும்மல், அரிப்பு, நீர் வடிதல் ஆகியவற்றுக்குச் செட்டிரிசின், லோராடடின், பெக்ஸோபெனாடின் போன்ற குளிசைகள் பொருத்தமானவை. ஊரில் எல்லோரும் அறிந்த பிரிட்டோன், அதாவது குளோர்பெனிரமைன், பழைய வகையைச் சேர்ந்தது, தூக்கத்தை வரவழைக்கும். அதைப் போட்டுவிட்டு இரவில் வள்ளத்தில் கடலுக்குப் போவதும் முச்சக்கர வண்டி ஓட்டுவதும் ஆபத்து. செட்டிரிசினும் சிலருக்குத் தூக்கம் தரும் என்பதால் முதல் தடவை இரவில் எடுத்துப் பாருங்கள்.

நாட்கணக்கான மூக்கடைப்புக்குக் குளிசையைவிட ஸ்டீரொயிட் மூக்குத் தெளிப்பே அதிகம் உதவும். ஆனால் அதன் முழுப் பலன் தெரிய ஓரிரு வாரம் செல்லலாம். இரண்டு நாள் அடித்துப் பார்த்துவிட்டுப் பலனில்லை என்று எறிபவர்களே அதிகம். தலையைச் சற்றுக் குனிந்து, தெளிப்பானின் நுனியை மூக்கின் நடுச்சுவரை நோக்காமல் அதே பக்கத்துக் காதை நோக்கிச் சாய்த்து அடிக்க வேண்டும். ஒவ்வொரு மாரியிலும் தொல்லைப்படுபவர்கள் மழை தொடங்குவதற்கு ஓரிரு வாரம் முன்பே இதைத் தொடங்குவது பற்றி வைத்தியரோடு பேசலாம். அடைப்பை உடனே திறக்கும் ஒக்ஸிமெற்றசோலின், சைலோமெற்றசோலின் சொட்டு மருந்துகளை ஐந்து நாளுக்கு மேல் தொடரக்கூடாது. தொடர்ந்தால் மருந்தே அடைப்புக்குக் காரணமாகிவிடும். கர்ப்பிணிகளும் சிறு பிள்ளைகளும் எதையும் வைத்தியரைக் கேட்டே எடுக்க வேண்டும்.

உப்பு நீரால் மூக்கைக் கழுவலாமா? ஆவி பிடிக்கலாமா?

உப்பு நீர்க் கழுவல் நல்ல பலன் தரும், ஒரு கண்டிப்பான நிபந்தனையோடு: கொதித்து ஆறிய நீராக இருக்க வேண்டும். கிணற்று நீரையும் குழாய் நீரையும் நேராக மூக்கில் விடுவதால் அரிதாக மூளையைத் தாக்கும் அமீபாத் தொற்று ஏற்படலாம். ஒரு கோப்பை நீருக்குக் கால் முதல் அரைத் தேக்கரண்டி உப்புப் போதும்.

ஆவி சற்று நேர ஆறுதலைத் தரும், அவ்வளவுதான். கொதிநீர்ச் சட்டியின்மேல் பிள்ளையைக் குனிய வைத்துப் போர்வையால் மூடுவதால் ஏற்படும் தீக்காயங்களை நினைத்தால், பிள்ளைகளுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கொத்தமல்லிக் குடிநீர் குடிப்பதில் தீங்கில்லை. அதை நம்பி முட்டுக்கான பம்பை, அதாவது வாயால் உள்ளிழுக்கும் மருந்தை, நிறுத்துவதில்தான் தீங்கு இருக்கிறது.

முட்டு வந்தால் எப்போது ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்?

ஒரு வசனத்தை மூச்செடுக்காமல் முடிக்க முடியாவிட்டால், விலா எலும்புகளுக்கிடையே தோல் உள்வாங்கினால், உதடு நீலம் பாய்ந்தால், அல்லது சல்பியூட்டமோல் பம்ப் அடித்தும் நாலு மணித்தியாலம் தாங்காமல் மறுபடி இழுத்தால், விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது. 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் கட்டணமின்றி வரும். முட்டு வராமல் காக்கும் தடுப்புப் பம்ப் எழுதிக் கொடுக்கப்பட்டவர்கள் சுகமாக இருக்கும் நாளிலும் அதை எடுக்க வேண்டும். எடுத்த பின் வாயைக் கொப்பளிக்க வேண்டும்.

வைக்கோலைத் தொட்ட அன்று மாலையே காய்ச்சலும் இருமலும் வருகிறதே?

தம்பலகாமம், கந்தளாய், மூதூர்ப் பக்கத்து விவசாயிகளும் மாடு வளர்ப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். ஈரத்தோடு அடுக்கிப் பூஞ்சணம் பிடித்த வைக்கோலை உதறி 4 முதல் 8 மணித்தியாலத்தில் குளிர்காய்ச்சல், இருமல், மூச்சு வாங்கல் வந்து மறுநாள் தணிந்தால், அது மேலே சொன்ன ஒவ்வாமையிலிருந்து வேறுபட்ட, நுரையீரலின் உட்பகுதியைத் தாக்கும் நோயாக இருக்கலாம். மூக்குக் குளிசைக்கு அது அடங்காது. திரும்பத் திரும்ப நேர்ந்தால் நுரையீரலில் நிலையான தழும்பு ஏற்படும் என்பதால், எந்த வேலைக்குப் பின் வருகிறது என்பதை வைத்தியரிடம் தவறாமல் சொல்லுங்கள்.

சோதனை செய்து பார்க்க வேண்டுமா?

எல்லோருக்கும் தேவையில்லை. மருந்துக்கு அடங்காதவர்களுக்குத் தோலில் குத்திப் பார்க்கும் சோதனையோ குருதிச் சோதனையோ வைத்தியர் பரிந்துரைக்கலாம். தோல் சோதனைக்குச் சில நாள் முன்பே ஒவ்வாமைக் குளிசைகளை நிறுத்த வேண்டும். எத்தனை நாள் என்பதைச் சோதிப்பவரிடமே கேளுங்கள்.

தயிர், தோசை, கருவாடு ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டுமா? பெனிசிலின் ஊசி ஆகாதா?

காற்றில் வரும் வித்திக்கு ஒவ்வாமை உள்ளவர், புளித்த உணவைத் தின்றதும் வாய் அரிப்பதாகத் தாமே கண்டாலன்றி, அதை விலக்கத் தேவையில்லை. பெனிசிலியம் பூஞ்சணத்தின் ஒவ்வாமையும் பெனிசிலின் மருந்தின் ஒவ்வாமையும் வெவ்வேறானவை. ஒன்றிருந்தால் மற்றது இருக்கும் என்று கொள்ளக்கூடாது. பூஞ்சணம் பிடித்த கொப்பரா, நிலக்கடலை, செத்தல் மிளகாய் ஆகியவற்றை மட்டும் யாருமே உண்ணக்கூடாது. அவற்றில் உருவாகக்கூடிய அஃப்ளரொக்சின் என்ற நஞ்சு ஈரலைத் தாக்கும். கழுவினாலும் வறுத்தாலும் முற்றாகப் போகாது.

வாடகை வீட்டில் இருக்கிறோம். திருத்த வேலையை எப்போது கேட்பது?

மழை தொடங்கிய பின் கேட்டால் எந்த மேசனும் கூரையில் ஏற மாட்டார், ஏறினாலும் ஈரச் சீமெந்து ஒட்டாது. ஆகையால் மாரியில் செய்ய வேண்டிய வேலை பார்த்து வைப்பது: எந்த ஓட்டுக்குக் கீழே நீர் சொட்டுகிறது, எந்தச் சுவரில் எந்த உயரம் வரை ஈரம் ஏறுகிறது என்பதைக் கைத்தொலைபேசியில் திகதியோடு படம் எடுத்து, வீட்டுக்காரருக்கு அப்போதே அனுப்பிவிடுங்கள். வைகாசி முதல் ஆவணி வரை கச்சான் காற்றில் சுவர் நன்றாகக் காய்ந்திருக்கும்போது ஓடு மாற்றுதல், வெடிப்பு அடைத்தல், பீலி துப்புரவாக்குதல், சுண்ணாம்பு அடித்தல் ஆகியவற்றைச் செய்விக்கலாம். செலவைப் பற்றி இழுபறி வந்தால், பீலியையும் விலகிய ஓட்டையும் முதலில் கேளுங்கள். அவை மலிவான வேலைகள், பெரும்பாலான ஈரமும் அவற்றினூடாகவே வருகிறது.